லேசர் கோடு எங்கே தெரியும், எங்கே தெரியாது

கொடைக்கானலில் புதிதாக வீடு கட்டுகிற இடங்களில் டைல்ஸ் ஒட்டுகிறவர்கள் இப்போது டியூப் லெவலை அவ்வளவாகத் தொடுவதில்லை. ஸ்டாண்டின் மேல் கைக்கு அடக்கமான ஒரு லேசர் லெவலை வைத்து ஆன் செய்கிறார்கள். நாலு சுவரிலும் ஒரே மட்டத்தில் பச்சைக் கோடு விழுகிறது. கருவிக்கும் சுவருக்கும் இடையே ஒன்றும் தெரியாது. குறுக்கே கையை நீட்டினால் கையில் கோடு விழும், எடுத்தால் வெறும் காற்றுதான். மதியத்துக்கு மேல், இன்னும் கண்ணாடி மாட்டாத ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்தால் கதை மாறிவிடும். அறை முழுக்க இடுப்பு உயரத்தில் ஒரு பச்சைத் தளம் விரியும், அசையாத குளத்தின் மேற்பரப்பு போல. மேகம் நகர நகர அதற்குள் சுழிகள் ஓடும். மேகம் போனதும் தளமும் போய்விடும். சுவரில் கோடு மட்டும் மிஞ்சும். டைல் கட்டர் ஓடித் தூசி கிளம்பினாலும் இதே காட்சியைப் பார்க்கலாம்.

கருவியில் இருந்து வந்த ஒளியில் இந்த நேரத்தில் எந்த மாற்றமும் இல்லை. அது போகிற வழியில் என்ன இருந்தது என்பதுதான் மாறியது. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். நிஜத்தில் லேசர் எப்போது கோடாகத் தெரியும், வீடியோ கேம்களில் அது ஏன் எப்போதுமே கோடாகத் தெரிகிறது என்பதெல்லாம் விளங்கிவிடும். என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். கேம் செய்கிறவர்கள் கோடு போடுவதில் எனக்கு மறுப்பில்லை. மலையிலும் பாலைவனத்திலும் விண்வெளியிலும் அதே கோட்டைப் போடுகிறார்களே, அதில்தான் மறுப்பு.

ஒளி கண்ணுக்குள் நுழைந்தால்தான் பார்வை. நமக்குக் குறுக்கே இடமிருந்து வலமாக ஓடுகிற ஒளி நம் கண்ணுக்குள் வராது. அது தன் வழியில் போய்விடும். டார்ச் லைட்டுக்கும் இதே விதிதான். ஆனால் டார்ச் வெளிச்சம் அகலமாக விரிந்து தரை, சுவர், மரம் என்று எதிலாவது பட்டுத் திரும்பிவிடுவதால் நமக்கு அந்த விதி உறைப்பதில்லை. லேசர் அப்படி விரிவதில்லை. ஒரு சாதாரண பாயிண்டரின் கற்றை 100 மீட்டர் தள்ளிப் போனாலும் ஒரு சாண் அகலத்தைத் தாண்டாது. மொத்த ஒளியும் அந்தச் சின்ன வட்டத்துக்குள்ளேயே போய்ச் சேருகிறது. வழியில் யாருக்கும் எதுவும் சிந்துவதில்லை. ஆகவே கற்றையைப் பக்கவாட்டில் இருந்து ஒருவர் பார்க்க வேண்டுமென்றால், ஏதோ ஒன்று அந்த ஒளியில் கொஞ்சத்தை வழிமாற்றி அவர் பக்கம் அனுப்பியாக வேண்டும். தூசி, புகை, நீர்த்துளி, கடைசியில் காற்றின் மூலக்கூறு, இவற்றில் ஏதாவது ஒன்று.

லேசர் பிறப்பதற்கு முன்பே இதைச் சோதித்துக் காட்டியவர் இயற்பியலாளர் ஜான் டிண்டால். 1860களின் கடைசியில் லண்டனில், இருட்டறைக்குள் மின் விளக்கின் ஒளியைக் கற்றையாக்கிச் செலுத்திப் பார்த்தார். தூசி மிதக்கும் காற்றில் கற்றை பளிச்சென்று தெரிந்தது. அதற்குக் கீழே ஒரு சுடரைப் பிடித்தபோது, கற்றையின் நடுவே கரும்புகை எழுவது போல இருந்தது. உண்மையில் அங்கே புகையே இல்லை. சுடரின் சூட்டில் தூசி நீங்கிய காற்று மேலே ஏறிய இடம் அது. தூசி இல்லாததால் அங்கே ஒளி தெரியவில்லை, இருட்டு தெரிந்தது. தூசியெல்லாம் அடியில் படிந்துவிட்ட கண்ணாடிப் பெட்டிக்குள் கற்றை அடியோடு மறைந்தது. பின்னாளில் கிருமிகள் பற்றிய சோதனைகளில், காற்று சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க அவர் வைத்திருந்த அளவுகோலே அதுதான்: கற்றை தெரிந்தால் காற்று அழுக்கு, தெரியாவிட்டால் சுத்தம்.

தூசி முழுக்க நீங்கினாலும் காற்று தானே கொஞ்சம் ஒளியைச் சிதறடிக்கிறது. 1871இல் இயற்பியலாளர் ராலே பிரபு இதற்கு அடிப்படையான கணக்கை எழுதினார். வானம் நீலமாக இருப்பதற்கான காரணமும் அதே கணக்கில் இருந்தது. ஆனால் சோதனைக் கூடத்தில் தூசியற்ற காற்று ஒளியைச் சிதறடிப்பதைக் கண்ணால் பார்ப்பது லேசுப்பட்ட வேலையாக இல்லை. அவர் மகன் ராபர்ட் ஸ்ட்ரட் 1918இல்தான் அதைச் செய்து காட்டினார். அவ்வளவு மெல்லிய வெளிச்சம் அது. தியோடர் மைமன் முதல் லேசரை ஒளிரவைத்த 1960 மே மாதத்துக்கு இன்னும் நாற்பது வருடத்துக்கு மேல் இருந்தது.

எவ்வளவு மெல்லியது என்பதைக் கொடைக்கானலை வைத்தே கணக்குப் போடலாம். ஊர் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. 532 நானோமீட்டர் அலைநீளம் உள்ள பச்சை ஒளி, தூசியற்ற இந்தக் காற்றில் ஒரு மீட்டர் போனால், அதில் லட்சத்தில் ஒரு பங்குதான் சிதறும். ஒரு கிலோமீட்டர் போனாலும் சுமார் ஒரு சதவீதம். மீதி 99 சதவீதமும் நேராகப் போய்விடும். சரி, 5 மில்லிவாட் பச்சை லேசரை இரவில் வானத்தை நோக்கி அடிக்கிறோம், பத்து மீட்டர் தள்ளி ஒருவர் இருட்டில் நின்று பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். லேசரில் இருந்து நொடிக்கு நூறு கோடி கோடிக்கும் அதிகமான போட்டான்கள், அதாவது ஒளித் துகள்கள், கிளம்பும். கற்றையின் ஒரு மீட்டர் நீளத்தில் இருந்து அவருடைய கண் பாவைக்குள் நுழைவது நொடிக்கு நாலாயிரம் போட்டான் அளவில்தான். வெறும் கண்ணுக்குத் தட்டுப்படும் ஆக மங்கலான நட்சத்திரத்தில் இருந்து வரும் ஒளியும் ஏறக்குறைய இந்த வரிசையில்தான் இருக்கும். அதனால்தான் நல்ல இருட்டில், கண் பழகிய பிறகு, கற்றை ஒரு மங்கல் நூலாகத் தெரிகிறது. பஸ் ஸ்டாண்ட் வெளிச்சத்தில் நின்றால் தெரியவே தெரியாது.

இந்த மலையில் 1899இல் சூரிய ஆய்வகத்தை நிறுவியதற்கும் இந்தச் சிதறலுக்கும் சம்பந்தம் உண்டு. சூரியனின் விளிம்பை ஒட்டி நுணுக்கமாகப் பார்க்க வேண்டியவர்களுக்குப் பெரிய தொல்லை, தூசியும் ஈரமும் சூரிய ஒளியைச் சிதறடித்து வட்டத்தைச் சுற்றி உண்டாக்கும் வெள்ளைப் பூச்சு. சுமார் 2,340 மீட்டர் உயரத்தில் அது குறைவு. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் அப்சர்வேட்டரிப் பக்கம் நின்று, கையால் சூரியனை மறைத்து, அதன் ஓரத்து வானத்தைப் பார்த்தால் நீலம் விளிம்பு வரைக்கும் வந்து நிற்கும். அன்றிரவு அடிக்கிற லேசர்தான் ஆக மங்கலாகவும் தெரியும். அதே லேசரைக் கீழே வத்தலக்குண்டில் அடித்தால் கோடு நன்றாகத் தெரியும். பார்வைத் தூரம் பத்து கிலோமீட்டர் அளவுக்குப் புழுதி கலந்த காற்றில் சிதறல் முப்பது, நாற்பது மடங்கு கூடிவிடுகிறது.

நிறத்தின் பங்கும் பெரிது. ஒரே சக்தியுள்ள சிவப்பு லேசரும் பச்சை லேசரும் சுவரில் இரண்டு புள்ளிகளைப் போட்டால், பச்சைப் புள்ளி எட்டு மடங்கு பிரகாசமாகத் தெரியும். பகல் பார்வையில் நம் கண்ணுக்கு 650 நானோமீட்டர் சிவப்பைவிட 532 பச்சை அவ்வளவு பிடிக்கும். காற்று மூலக்கூறுகளும் பச்சையைச் சிவப்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் சிதறடிக்கின்றன. ஆனால் உண்மையான வித்தியாசம் இருட்டில்தான் வருகிறது. மங்கல் வெளிச்சத்தில் வேலை செய்பவை கண்ணின் கோல் செல்கள். அவை 650 நானோமீட்டர் சிவப்புக்குக் கிட்டத்தட்டக் குருடு. பச்சையோடு ஒப்பிட்டால் அவற்றின் உணர்திறன் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. சுத்தமான மலைக்காற்றில் பச்சைக் கற்றை நூலாகத் தெரிகிற அதே இரவில், சிவப்புக் கற்றை மறைந்து போவதற்கு இதுதான் காரணம். கேம்களில் துப்பாக்கி லேசர் என்றாலே நீண்ட சிவப்புக் கோடு. நிஜத்தில் ஆகக் கடினமாகத் தெரியக்கூடிய நிறத்தைத் தேடிப் பிடித்துக் கோடாகப் போட்டிருக்கிறார்கள்.

அப்புறம், பச்சை பாயிண்டர் வைத்திருக்கும் மலைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று. மலிவான பச்சை பாயிண்டர் பலவற்றில் பச்சை நேரடியாகப் பிறப்பதில்லை. முதலில் 808 நானோமீட்டர் அகச்சிவப்பு, அது ஒரு படிகத்தில் 1064 ஆகி, இன்னொரு படிகத்தில் அலைநீளம் பாதியாகி 532 பச்சையாக வெளியே வரும். குளிர் ஏறினால் முதல் கட்டத்தின் அலைநீளம் நகர்ந்து, படிகம் அதைச் சரியாக ஏற்காது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் கொடைக்கானலில் பாயிண்டர் மங்குவது பாட்டரியால் மட்டும் இல்லை. கொஞ்ச நேரம் உள்ளங்கைக்குள் வைத்திருந்தால் சில சமயம் மீண்டும் பிரகாசமாகும். வடிகட்டி வைக்காத மலிவுக் கருவியில் பச்சை மங்கினாலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளியே வந்துகொண்டுதான் இருக்கும். மங்கல்தானே என்று யாரும் முகத்துக்கு நேராகப் பிடிக்கக் கூடாது. வளைவில் வண்டி ஓட்டி வருகிறவர் மேலும், காட்டுமாட்டின் மேலும், விமானத்தின் மேலும் அடிக்கவே கூடாது.

இனி மேகத்துக்கு வருவோம். மூடுபனியில் உள்ள நீர்த்துளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, இரண்டு பங்கு விட்டம் இருக்கும். ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிட்டால் அது மலை. அதனால் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய சமமாகவே சிதறடிக்கும். மேகம் வெள்ளையாக இருப்பது அதனால்தான். மஞ்சள் லைட் பனியைத் துளைத்துக்கொண்டு போகும் என்று சொல்வார்கள், பெருமாள்மலை வழியாக வருகிற மூடுபனிக்கு அந்த நிற வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. அங்கே பழகிய டிரைவர்கள் செய்வது வேறு. ஹை பீமை இறக்கி, லோ பீமில் போவார்கள். ஃபாக் லாம்ப்பைத் தாழ்வாக மாட்டியிருப்பார்கள். ஹை பீம் போட்டால் கண்ணுக்கு நேராக உள்ள துளிகள் எல்லாம் வெளிச்சம் பெற்று, அதில் ஒரு பங்கு திரும்பி வந்து, முன்னால் வெள்ளைச் சுவர் எழும்பிவிடும். சாலை மறைந்துவிடும்.

நூறு மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாத அளவு மூடுபனி என்றால், ஒவ்வொரு மீட்டரிலும் கற்றையில் சுமார் 4 சதவீதம் சிதறுகிறது. மழை கழுவிய இரவின் சுத்தமான காற்றைவிட இது மூவாயிரம் மடங்குக்கும் மேல். கோடு கண்ணைப் பறிக்கிற மாதிரி இருக்கும். ஆனால் நூறு மீட்டர் தாண்டும்போது அந்தக் கற்றையில் மிஞ்சுவது வெறும் 2 சதவீதம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும், மொத்த விஷயத்தின் மையம் இதுதான். பக்கவாட்டில் நிற்கிறவர் பார்க்கிற ஒளி, இலக்குக்குப் போய்ச் சேராத ஒளி. கோடு பிரகாசமாகத் தெரிகிறது என்றால் கற்றை வழியிலேயே கரைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். தெரியாத கற்றைதான் முழுசாகப் போய்ச் சேரும். பல கேம்களில் இரண்டுமே ஒன்றாக நடக்கும்: கோடு கண்ணைக் கூசவைக்கும், இலக்கும் முழு அடி வாங்கும். ஒளிக்கு அப்படி இரண்டு பக்கமும் முழுசாக இருக்க வழியில்லை. நிஜமான லேசர் ஆயுதங்களைச் செய்கிறவர்களுக்கு மழையும் மூடுபனியும் புழுதியும் பெரிய தலைவலியாக இருப்பது இதனால்தான். 2025 ஏப்ரலில் நம் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ ஆந்திராவின் கர்நூலில் லேசரைக் கொண்டு டிரோன்களை வீழ்த்திக் காட்டியது. அமெரிக்கக் கடற்படை 2014இலேயே ஒரு கப்பலில் 30 கிலோவாட் லேசரை வைத்துச் சோதித்தது. இந்த வகை ஆயுதங்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரோமீட்டரை ஒட்டிய அகச்சிவப்பில் இயங்குபவை. ஆகவே மேகமே வந்தாலும் நம் கண்ணுக்குக் கோடு தெரியாது. டிரோனின் உடம்பில் ஓர் இடம் பற்றி எரிவது மட்டும் தெரியும்.

கண்ணுக்குத் தெரியாத லேசரை வைத்து வேலை செய்கிறவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அக்ரிலிக் போர்டில் பெயர் வெட்டித் தரும் கடையில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு லேசரின் அலைநீளம் 10.6 மைக்ரோமீட்டர். அது வெட்டுகிற இடத்தில் பொறியும் புகையும் தெரியும், கற்றை தெரியாது. எங்கே வெட்டப் போகிறது என்று காட்ட, கூடவே ஒரு சின்னச் சிவப்பு லேசரை வைத்திருப்பார்கள். கண் ஆஸ்பத்திரியில் புரை அறுவைக்குப் பிறகு படலத்தைத் திறக்கும் யாக் லேசரிலும் அப்படித்தான்: குறி பார்க்க ஒரு சிவப்புப் புள்ளி, வேலை செய்ய ஓர் அகச்சிவப்புத் துடிப்பு. நகைக்கடைக் கொள்ளைக் காட்சிகளில் அறை முழுக்கச் சிவப்பு லேசர் வலை பின்னியிருக்குமே, நிஜத்தில் காவலுக்கு வைக்கும் கற்றைகள் பெரும்பாலும் அகச்சிவப்புதான். திருடனுக்குத் தெரியும்படி வைப்பதில் காவல்காரருக்கு என்ன லாபம்?

எங்கே நின்று பார்க்கிறோம் என்பதும் கோட்டின் பிரகாசத்தை மாற்றும். பாயிண்டரைக் கையில் பிடித்திருப்பவருக்குக் கற்றை நன்றாகத் தெரியும். ஏனென்றால் அவர் பார்வை கற்றையோடு ஒட்டியே ஓடுகிறது, நீண்ட தூரத்துச் சிதறல் ஒரே கோட்டில் சேர்ந்து கண்ணுக்கு வருகிறது. தள்ளிப் பக்கவாட்டில் நிற்பவருக்கு அந்த வசதி இல்லை. மேகத்தில் இன்னொரு வித்தியாசமும் சேர்கிறது. நீர்த்துளிகள் ஒளியைப் பெரும்பாலும் முன்பக்கமாகவே, அதாவது அது போகிற திசையை ஒட்டியே சிதறடிக்கும். எனவே கற்றை தன்னை நோக்கி வருகிற பக்கத்தில், சற்றே விலகி நிற்பவருக்குக் கோடு மிகப் பிரகாசம். அடிக்கிறவருக்குப் பின்னால் நிற்பவருக்கு அவ்வளவு இல்லை.

பின்பக்கம் திரும்பும் ஒளி குறைவுதான் என்றாலும் அதற்கும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. கொடைக்கானலில் பள்ளத்தாக்கின் ஓரமாகப் போகும் நடைபாதையான கோக்கர்ஸ் வாக்கில் சூரியன் முதுகுக்குப் பின்னால் தாழ்வாக இருக்க, எதிரே பள்ளத்தாக்கில் மேகம் நிரம்பி நிற்கும் நேரங்களில், நம் நிழல் மேகத்தின் மேல் விழும். தலையைச் சுற்றி வண்ண வளையங்கள் தெரியும். பிராக்கன் உருவம் என்று சொல்வார்கள். துளிகள் வந்த வழியே திருப்பி அனுப்பும் ஒளி வரைகிற படம் அது.

வீட்டில் செய்து பார்க்க ஒரு சோதனை உண்டு. கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து ஒன்றிரண்டு சொட்டு பால் விட்டுக் கலக்குங்கள். சிவப்பு பாயிண்டரைக் கிடைமட்டமாகத் தண்ணீருக்குள் அடித்து, பக்கவாட்டில் இருந்து பாருங்கள். இப்போது பாயிண்டரை அதன் அச்சிலேயே மெல்ல உருட்டினால் கோட்டின் பிரகாசம் கூடிக் குறையும். லேசர் ஒளி ஒரே தளத்தில் அதிர்கிறது. நுண்துகள்கள் அந்த அதிர்வின் திசையில் ஒளியை அனுப்புவதில்லை. நாம் அந்தத் திசையில் நிற்கும்போது கோடு மங்கும். கண்ணுக்கு நேராக எந்தப் பிரதிபலிப்பும் வராதபடி டம்ளரை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கேமிலும் இதை நான் பார்த்ததில்லை, எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் செய்து பார்த்தவர்களுக்கு லேசர் கோடு என்பது ஒரு பொருள் இல்லை என்பது மனதில் நன்றாகப் பதிந்துவிடும்.

கேமுக்குள் போவோம். முப்பரிமாணக் காட்சிகளில் ஒளியைக் கணக்கிடுவதற்கு அடிப்படையான சமன்பாட்டை 1986இல் ஜேம்ஸ் கஜியா வெளியிட்டார். அதில் ஒளி ஒரு பரப்பில் இருந்து இன்னொரு பரப்புக்குப் போகிறது. இடையில் எதுவும் இல்லை. கணக்கு சுலபமாவதற்காக எடுத்துக்கொண்ட அனுமானம் அது, பெரும்பாலான காட்சிகளுக்கு அதுவே போதும். ஆக, கேம் உலகத்தின் காற்று இயல்பாகவே வெற்றிடம். அங்கே ஒரு லேசரை நேர்மையாகக் கணக்கிட்டால் சுவரில் புள்ளி விழும், கோடு தெரியாது. டைல்ஸ் ஒட்டுகிற அறையில் மேகம் வராத நேரம் எப்படியோ அப்படி.

கேமில் நாம் பார்க்கும் கோடு வேறு வழியில் வருகிறது. துப்பாக்கி முனையில் இருந்து நேராக ஒரு கோட்டைக் கணக்கில் ஓடவிட்டு, அது எதில் முட்டுகிறது என்று கண்டுபிடிக்கிறார்கள். அடி விழுந்ததா இல்லையா என்பது அங்கேயே முடிவாகிவிடுகிறது. அப்புறம் முனைக்கும் முட்டிய இடத்துக்கும் நடுவே, எப்போதும் நம்மைப் பார்த்தே திரும்பி நிற்கும் ஒரு மெல்லிய பட்டையை வைத்து, பின்னால் உள்ள நிறங்களோடு அதன் நிறத்தைக் கூட்டிவிடுகிறார்கள். பட்டை ஒளிர்கிற மாதிரி தெரியும். அதற்கும் காற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அதனால்தான் மழையிலும் வெயிலிலும் பாறை இடுக்கிலும் அது ஒரே மாதிரி இருக்கிறது. நிஜக் கற்றையை அறைக்குள் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் சீரான பட்டை தெரியாது. ஒவ்வொரு தூசியும் கற்றைக்குள் நுழைகிற கணத்தில் மின்னி, வெளியேறுகிற கணத்தில் அணையும். அந்த மினுக்கல்தான் உயிர்.

ஏன் கோடு போடுகிறார்கள் என்பதற்கு நல்ல காரணம் இருக்கிறது. ஆடுகிறவருக்கு யார் சுட்டார்கள், எங்கிருந்து வந்தது, தன் குறி எங்கே போனது என்று அரை நொடியில் தெரிந்தாக வேண்டும். தெரியாத லேசரால் செத்துப் போனால் கோபம்தான் வரும். இதை நான் முழுசாக ஏற்கிறேன்.

விண்வெளிக் கேம்களில் அந்தக் கோடு நகரவும் செய்கிறது: கப்பலில் இருந்து ஒளித் துண்டுகள் கிளம்பி, பறந்து, எதிரி விலகித் தப்பிக்கிற வேகத்தில் போகும். ஒளியின் வேகம் நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர். நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடுகிற கேமில் ஒரே ஃப்ரேமுக்குள் ஒளி 5,000 கிலோமீட்டர் போய்விடும். கன்னியாகுமரியில் இருந்து காஷ்மீர் வரையுள்ள தூரத்தைவிட அதிகம். ஒளி நகர்வதைப் படம் பிடிக்க, நம் நாசிக்கில் பிறந்த ரமேஷ் ராஸ்கரின் குழு எம்ஐடியில் 2011இல் நொடிக்கு லட்சம் கோடி ஃப்ரேம் அளவுக்குச் சமமான ஒரு முறையை உருவாக்க வேண்டியிருந்தது. அதுவும் ஒரே துடிப்பை இல்லை, திரும்பத் திரும்ப அனுப்பிய துடிப்புகளைச் சேர்த்துக் கோத்த படம்.

விண்வெளியில் கோடு தெரியவும் வழியில்லை, சிதறடிக்க அங்கே என்ன இருக்கிறது? 2023 டிசம்பர் 12 அன்று நிலவைச் சுற்றிவரும் நாசாவின் எல்ஆர்ஓ கலம், நிலவுத் தரையில் நின்ற சந்திரயான்-3இன் விக்ரம் தரையிறங்கி மேல் இருந்த கண்ணாடித் தொகுப்பை நோக்கி லேசர் துடிப்புகளை அனுப்பி, திரும்பி வந்த ஒளியைப் பிடித்தது. இடைவெளி சுமார் நூறு கிலோமீட்டர். பக்கத்தில் யாராவது மிதந்துகொண்டு பார்த்திருந்தால் அவர்களுக்கு எதுவும் தெரிந்திருக்காது. அது அகச்சிவப்பு என்பது ஒரு காரணம். பச்சையாகவே இருந்திருந்தாலும் தெரிந்திருக்காது என்பது அதைவிடப் பெரிய காரணம். பூமியில், சிலியின் பரனால் மலையில் உள்ள பெரிய தொலைநோக்கிகளில் இருந்து 22 வாட் ஆரஞ்சு லேசர்கள் நாலு ஒன்றாக வானத்தில் ஏறுகிற படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். அந்தக் கோடுகள் நிஜம், காற்று சிதறடித்து வருபவை. ஆனால் கேமராவை நிறைய நேரம் திறந்துவைத்து எடுத்த படங்கள் அவை. கண்ணுக்கு அவ்வளவு பிரகாசமாக இருக்காது.

கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் கேம்களுக்குள் காற்று வந்துவிட்டது என்பது நல்ல செய்தி. காட்சியை முப்பரிமாணக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு மூடுபனி, அதில் எவ்வளவு ஒளி விழுகிறது என்று கணக்கிடுகிறார்கள். பைன் காட்டில் காலையில் மரங்களுக்கு இடையே வெயில் சரிந்து இறங்குகிற காட்சியை இப்போது கேமிலும் பார்க்க முடிவது இதனால்தான். துளிகள் எந்தப் பக்கம் எவ்வளவு சிதறடிக்கும் என்பதற்குப் பெரும்பாலும் எடுத்துக்கொள்வது ஹென்யே, கிரீன்ஸ்டீன் என்ற இரண்டு வானியலாளர்கள் 1941இல் எழுதிய சூத்திரம். நட்சத்திரங்களுக்கு இடையே உள்ள தூசிக்காக அவர்கள் எழுதியது, இன்றைக்கு நம் போனில் மூடுபனி வரைகிறது. முன்பக்கச் சிதறலை அது நன்றாகவே காட்டும். கோக்கர்ஸ் வாக் வளையங்கள் மட்டும் அதில் வராது. பின்பக்கம் திரும்பும் ஒளியில் துளிகள் காட்டும் அந்தத் தனி ஒழுங்குக்குச் சூத்திரத்தில் இடமில்லை.

வெயிலுக்கும் ஹெட்லைட்டுக்கும் காற்றைக் கணக்கில் எடுக்கிற அதே கேம்களில்கூட லேசர் கோடு பல சமயம் பழைய பட்டையாகவே இருந்துவிடுகிறது. கொடைக்கானல் மாதிரி ஒரு மலையில் நடக்கிற கேமை நினைத்துப் பார்க்கிறேன். வானம் தெளிந்திருக்கும்போது துப்பாக்கி லேசர் எதிராளியின் மேல் புள்ளியாக மட்டும் விழ வேண்டும். அவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தால்தான் தெரியும். தூண் பாறைப் பக்கமிருந்து மேகம் ஏறி வந்ததும் கோடு முழுசாக வெளிப்பட வேண்டும், அதுவும் குறி வைக்கப்பட்டவர் பக்கம் நிற்பவர்களுக்கு இன்னும் பிரகாசமாக. சுட்டவர் ஒளிந்திருக்கும் இடம் காட்டிக்கொடுக்கப்படும். அதே நேரம் அவருடைய கற்றை பாதி வழியில் கரைந்து வலுவிழக்கும். மேகம் விலகக் காத்திருப்பதா, மேகத்தில் புகுந்து தப்பிப்பதா என்று இரண்டு பக்கமும் யோசிக்க வேண்டி வரும். வானிலையே ஆட்டத்தின் ஒரு காயாகிவிடும்.

இதைச் செய்யப் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் தேவைப்படாது. ஒவ்வொரு கட்டத்திலும் மூடுபனியின் அடர்த்தி ஏற்கெனவே கணக்கில் இருக்கிறது. பட்டையின் பிரகாசத்தை அந்த எண்ணால் பெருக்கி, அதே அளவு ஒளியை இலக்குக்குப் போகும் பங்கில் இருந்து கழித்தால் போதும்.